ஷோரூம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?

18 ஆகஸ்ட் 2025, இரவு 10.40

அம்பாசமுத்திரம் தம்பி ஒருவர் கேட்டதை அப்படியே ஒட்டுகிறேன்:

"போனிலேயே வண்டியைப் பார்த்து, போனிலேயே லோன் போட்டு, போனிலேயே புக் பண்ண முடிகிறது. நடுவில் இந்த ஷோரூம்காரன் எதற்கு? கண்ணாடி மாளிகை கட்டி, ஏசி போட்டு, காபி கொடுத்து அந்தச் செலவை நம் தலையில்தானே கட்டுகிறான்? இன்னும் பத்து வருஷத்தில் நெல்லை வண்ணார்பேட்டை பைபாஸில் இருக்கிற ஷோரூம் எல்லாம் கல்யாண மண்டபம் ஆகிவிடும், பார்த்துக்கொண்டே இருங்கள்."

நான் நடுநிலை ஆள் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2007இல் கார் ஷோரூமில் சேல்ஸ் பையனாகச் சேர்ந்து, டீம் லீடராகி, 2021இல் வெளியே வந்தவன். இப்போது பாளையங்கோட்டையில் எட்டு வண்டி நிற்கிற இடத்தில் பழைய கார் வாங்கி விற்கிறேன். ஷோரூம்காரன் மேல் எனக்குப் பாசமும் உண்டு, கோபமும் உண்டு.

புது கார் விற்று ஷோரூம் சம்பாதிக்கிறது என்று நினைப்பதே தப்பு. நான் இருந்த காலத்தில் எட்டு லட்ச ரூபாய் வண்டியில் ஷோரூமுக்கு நின்றது மூன்று, மிஞ்சினால் நான்கு சதவீதம். முப்பதாயிரம் என்று வையுங்கள். வந்து உட்கார்ந்ததும் "அண்ணாச்சி, நாகர்கோவில்ல இருபது கம்மியா தாரானாம்" என்று ஆரம்பிப்பீர்கள். பத்தாயிரமாவது கொடுத்தால்தான் எழுந்து போகாமல் இருப்பீர்கள். மிச்ச இருபதில் பையனுக்கு இன்சென்டிவ், கரண்ட் பில், டெமோ வண்டிக்கு டீசல், விற்காமல் யார்டில் (வண்டி நிறுத்துகிற இடம்) நிற்கிற வண்டிக்கு பேங்க் வட்டி. பிழைப்பு ஓடுவது இன்சூரன்ஸ் கமிஷனில், லோன் போட்டுக் கொடுத்தால் பேங்க் தருகிற பேஅவுட்டில், சீட் கவரில், மேட்டில், எக்ஸ்சேஞ்சில் எடுத்த பழைய வண்டியில், எல்லாவற்றுக்கும் மேல் சர்வீஸில். கல்யாண வீட்டுக்காரன் சாப்பாட்டில் விட்டதை மொய்யில் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

அதனால் தம்பி போனில் கார் பார்த்ததால் ஷோரூமுக்கு ஒன்றும் ஆகாது. போனில் லோன் போட்டாரே, அங்கேதான் அடி.

19 ஆகஸ்ட், காலை 7.15

"அப்போ கம்பெனி வெப்சைட்டில் நேரடியாக எடுத்தால் மலிவா?" என்று மூன்று பேர். இல்லை. பட்டனைத் தட்டிக்கொண்டே போனால் கடைசியில் "உங்கள் அருகிலுள்ள டீலரைத் தேர்ந்தெடுக்கவும்" என்று வரும். சுற்றிச் சுற்றி அதே பைபாஸ்தான்.

உண்மையிலேயே டீலர் இல்லாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். போன மாதம் மும்பையில் கடை திறந்த டெஸ்லா தானே விற்கிறது. மெர்சிடிஸ் 2021 அக்டோபரிலேயே இங்கே வேறு முறைக்குப் போய்விட்டது: ஸ்டாக் கம்பெனியுடையது, நாடு முழுக்க ஒரே விலை, பில் போடுவது கம்பெனி, டீலருக்குக் கமிஷன் மட்டும். அதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். எட்டு லட்ச ரூபாய் காருக்கு அது சீக்கிரம் வராது. ஏன் என்றால் இப்போதைய முறை கம்பெனிக்கு அவ்வளவு வசதி. வண்டி ஃபாக்டரி கேட்டைத் தாண்டும்போதே டீலர் கணக்கிலிருந்து (அதாவது டீலர் வாங்கிய கடனிலிருந்து) பணம் போய்விடும். அப்புறம் அது விற்றால் என்ன, வெயிலில் காய்ந்தால் என்ன.

மாதம் பிறந்ததும் பேப்பரில் "கார் விற்பனை இத்தனை லட்சம்" என்று போடுகிறார்களே, கம்பெனிகள் தருகிற அந்த எண்ணிக்கை டீலருக்கு அனுப்பிய வண்டி. ஆர்டிஓவில் பதிவான எண்ணிக்கை வேறு. அதை டீலர்கள் சங்கமான ஃபாடா தனியாக வெளியிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் யார்டில் நிற்கிறது. 2024 செப்டம்பரில் அது 80 நாள் விற்பனைக்கான ஸ்டாக் ஆனது, மதிப்பு 79,000 கோடி என்று ஃபாடாவே சொன்னது. 21 நாள் ஸ்டாக் போதும் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை.

19 ஆகஸ்ட், மாலை

"எந்த ஷோரூமுக்குப் போனாலும் ஒரே தள்ளுபடி சொல்கிறார்கள், சிண்டிகேட்டா?" என்று தென்காசியிலிருந்து ஓர் அக்கா. சில இடங்களில் டீலர் கையே கட்டப்பட்டிருந்தது அக்கா. 2021 ஆகஸ்டில் மாருதிக்குப் போட்டி ஆணையம் (வியாபாரத்தில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற மத்திய அமைப்பு) 200 கோடி அபராதம் போட்டது இதற்காகத்தான். நிர்ணயித்த தள்ளுபடிக்கு மேல் கொடுக்கிற டீலரைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளர் வேஷத்தில் ஆள் அனுப்பினார்கள், மாட்டினால் டீலருக்கு அபராதம் என்பது ஆணையத்தின் தீர்ப்பு. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது.

24 ஆகஸ்ட்

பழைய சகா ஒருவனைப் பார்க்கப் போயிருந்தேன், இன்னும் ஷோரூமில்தான் இருக்கிறான். உள்ளே ஆறு வண்டி, ஒன்பது பையன்கள், வாடிக்கையாளர் பூஜ்யம். ஒரு பையன் ஒரே வண்டியின் பானட்டை மூன்று தடவை துடைத்தான்.

நம் ஊரில் ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், அது பழகிப்போனது. ஆவணி ஒன்றாம் தேதிக்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். இந்த வருஷம் ஆவணி பிறந்தது 17ஆம் தேதி. அதற்கு இரண்டு நாள் முன்னால், 15ஆம் தேதி செங்கோட்டையில், தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் சொல்லிவிட்டார். எவ்வளவு, எதற்கு, எப்போதிலிருந்து என்று எதுவும் தெரியாது. எந்தப் பைத்தியக்காரன் இப்போது பில் போடுவான்? அட்வான்ஸ் கட்டியவர்களே திரும்பக் கேட்கிறார்களாம். "ஆடி போச்சு, ஆவணியும் போச்சு, மகாளயபட்சத்துல எவனும் வரமாட்டான். இனி நவராத்திரிதான்" என்றான் சகா. பையன்களுக்கு மாத டார்கெட் மட்டும் மாறவில்லை.

4 செப்டம்பர், இரவு

நேற்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு வந்துவிட்டது. சின்ன காருக்கு 28 சதவீதத்திலிருந்து 18. பெரிய காருக்கும் எஸ்யூவிக்கும் 40, செஸ் கிடையாது. மின்சாரக் காருக்குப் பழையபடி 5. செப்டம்பர் 22 முதல் அமல்.

வாங்குகிறவனுக்குக் கொண்டாட்டம்தான். டீலர் பக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்கிறேன். இவ்வளவு நாள் ஜிஎஸ்டிக்கு மேல் இழப்பீட்டு செஸ் என்று ஒன்று இருந்தது. சின்ன பெட்ரோல் காருக்கு 1, சின்ன டீசலுக்கு 3, பெரிய எஸ்யூவிக்கு 22 சதவீதம் வரை. கம்பெனியிடம் வண்டி எடுக்கும்போதே டீலர் செஸ்ஸையும் சேர்த்துக் கட்டிவிடுவார். அது அவர் கணக்கில் கிரெடிட்டாக நிற்கும், வண்டியை விற்கும்போது கட்டவேண்டிய செஸ்ஸில் கழித்துக்கொள்ளலாம். செஸ் கிரெடிட்டை செஸ்ஸில் மட்டும்தான் கழிக்க முடியும், ஜிஎஸ்டியில் கழிக்க முடியாது. 22ஆம் தேதி முதல் செஸ்ஸே இல்லை என்றால் கிரெடிட்டை எதில் கழிப்பது? உண்டியலில் காசு இருக்கிறது, உண்டியலை உடைக்கக்கூடாது. இருபது பெரிய எஸ்யூவி யார்டில் வைத்திருக்கிறவர் இன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்.

6 செப்டம்பர்

திருத்தம். "எஸ்யூவிக்கு 40" என்று மொத்தமாக எழுதிவிட்டேன், சங்கரன்கோவில் நண்பர் பிடித்துவிட்டார், நன்றி. எஸ்யூவி என்ற பெயருக்கு வரி இல்லை. 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் உயரமாக நின்றாலும் 18தான். அதே 1200 சிசி எஞ்சினை 4 மீட்டரைத் தாண்டின வண்டியில் வைத்தால் 40.

9 செப்டம்பர், இரவு 11.50. கொஞ்சம் நீளம், தூக்கம் வரவில்லை

இதை எல்லாம் பார்க்கும்போது 2020 மார்ச் ஞாபகம்.

ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-4 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) வண்டியைப் பதியக்கூடாது என்பது உச்ச நீதிமன்றம் 2018லேயே சொன்னதுதான், திடீர் என்று வந்ததில்லை. ஆனால் நான் இருந்த இடத்துக்குப் பிப்ரவரி கடைசி வரை பிஎஸ்-4 வண்டி வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்றால் அடுத்த மாடல் வரும்போது ஓடுகிற நிறம் கிடைக்காது, டார்கெட் போனஸ் கிடைக்காது. கம்பெனி எது என்று கேட்காதீர்கள். மார்ச் மூன்றாம் வாரம் எண்ணிப் பார்த்தால் பதினோரு வண்டி மிச்சம். கொரோனா பயத்தில் ஷோரூம் வாசலில் ஒரு காக்கா இல்லை. முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். தன் பேரில் மூன்று, வீட்டம்மா பேரில் இரண்டு, மைத்துனர்கள் பேரில் நான்கு என்று டிஎன் 72 நம்பர் போட்டார். மிச்சம் இரண்டு. "டீம் லீடர், ஆதாரைக் கொண்டாரும்" என்றார்.

அப்படித்தான் நான் வாழ்க்கையில் முதல் புது கார் வாங்கினேன். வெள்ளை நிறம். ஒரு நாள்கூட ஓட்டவில்லை. மார்ச் 24 சாயங்காலம் ஊரே அடைத்தது, பதினோரு வண்டியும் யார்டில் தூசி குடித்தன. மிஞ்சியதில் பத்து சதவீதத்தை ஊரடங்கு முடிந்து பத்து நாள் விற்கலாம் என்று நீதிமன்றம் சலுகை கொடுத்தது, பதினோரு வண்டிக்குப் பத்து சதவீதம் எவ்வளவு என்று எங்கள் கேஷியர் கணக்குப் போட்டுச் சிரித்தார், ஜூலையில் அந்தச் சலுகையையும் திரும்பப் பெற்றார்கள். மே மாதம் என் பேரில் இருந்த வண்டியை நானே "முதல் ஓனர், 40 கிலோமீட்டர்" என்று ஒன்றேகால் லட்சம் குறைத்து வள்ளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றேன். நான் விற்ற முதல் பழைய கார் அதுதான். இன்றைய தொழில் அங்கே தொடங்கியது.

ஷோரூமுக்கு ஆபத்து செல்போனால் வரவில்லை தம்பி. சட்டம் மாறட்டும், வரி மாறட்டும், கம்பெனியே மூட்டையைக் கட்டட்டும், அந்த நேரத்தில் வண்டி யார் யார்டில் நிற்கிறதோ அவன் செத்தான். செவ்ரோலே விற்பனையை நிறுத்துவதாக 2017இல் அறிவித்தார்கள், ஃபோர்டு 2021 செப்டம்பரில். கம்பெனி சொன்ன டைல்ஸ், சொன்ன நாற்காலி, சொன்ன நிறம் என்று கோடிக்கணக்கில் போட்டுக் கட்டியவர்கள் அந்தக் கண்ணாடியை வைத்து என்ன செய்வார்கள்? டீலருக்கு என்று தனியாகப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று ஃபாடா கேட்டுக்கொண்டே இருக்கிறது.

(மண்டபம் ஆகும் என்று தம்பி சொன்னது இந்த இடத்தில் கொஞ்சம் சரிதான். வாகன நிறுத்தம் ஏற்கெனவே இருக்கிறது.)

10 செப்டம்பர்

"உங்கள் பேரில் கார் பதிந்தது தப்பில்லையா?" தப்பென்று தோன்றவில்லை, பில்லும் வரியும் எல்லாம் ஒழுங்கு. வீட்டுக்காரியிடம் சொல்லாததுதான் தப்பு. இன்சூரன்ஸ் பாலிசி கூரியரில் வீட்டுக்கு வந்துவிட்டது.

22 செப்டம்பர்

சகா போன் செய்தான். பேச நேரமில்லை என்று சொல்வதற்காகவே போன் செய்தானாம்.

3 அக்டோபர்

ஆயுத பூஜை அன்று நெல்லையப்பர் கோயில் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ரத வீதியில் மாலை போட்ட புது வண்டியாக நின்றது, எலுமிச்சம்பழம் விற்கிற பாட்டிக்கு ஜிஎஸ்டி குறைந்ததில் நல்ல லாபம். மாருதியின் சின்ன கார் எஸ்-பிரெஸ்ஸோ எக்ஸ்ஷோரூம் விலை 3,49,900 என்று விளம்பரம் வந்ததும், ரெண்டு பைக் வைத்திருந்த வீடுகள் எல்லாம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டன. டெலிவரிக்கு ஷோரூமில் அல்வா பெட்டி கொடுப்பதைப் பற்றி ஜோக் அடிக்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து வேண்டாம், பதினான்கு வருஷம் தினமும் கேட்டிருக்கிறேன்.

யார்டில் வண்டி வைத்திருக்கிறவன் செத்தான் என்று போன மாதம் பெரிய மனுஷனாக எழுதினேனே. என் எட்டு வண்டியை மறந்துவிட்டேன்! ஜூலையில் 3.80 லட்சத்துக்கு எடுத்த 2019 மாடல் ஒன்று. அதே வண்டி புதிதாக வாங்கினால் இப்போது அறுபதாயிரம் குறைவு. அப்புறம் என்னிடம் எவன் 4.20 கொடுப்பான்? 3.75க்குக் கொடுத்தேன். செஸ்ஸும் கிடையாது கிரெடிட்டும் கிடையாது, நேராகக் கையிலிருந்து போனது. உண்டியல் ஜோக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சரி, இந்த விற்பனைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டினீர்களா என்று ஒருவர் கேட்கிறார். போன டிசம்பரில் பழைய காருக்கு வரியை 18 ஆக்கியபோது ஊரெல்லாம் "நாலு லட்சம் வண்டிக்கு 72,000 வரியா" என்று அலறினார்கள். விலைக்கு இல்லை, லாபத்துக்கு. மூன்று லட்சத்துக்கு வாங்கி 3.40க்கு விற்றால் நாற்பதாயிரத்துக்கு 18 சதவீதம், 7,200 ரூபாய். நட்டத்துக்கு விற்றால் வரி இல்லை. நீங்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்த வண்டியை விற்றால் அதற்கு ஜிஎஸ்டியே இல்லை.

12 அக்டோபர். தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே

மழைக்காலம் நெருங்குவதால், வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே, தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்ததே, அதில் மூழ்கின வண்டிகள் எங்கே போயிருக்கும்? எல்லாம் உடைக்கவா போயின? இன்சூரன்ஸ்காரன் ஏலம் விட்டதை எடுத்துக் கழுவி, சீட் மாற்றி, வேறு ஜில்லாவில் விற்றிருப்பார்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். தினமும் வெளியே தெரிகிற பாகம் சுத்தமாக இருக்கும், உள்ளே சுருண்டிருக்கிற பாகத்தில் சேற்றுக்கோடு இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் விரலை விடுங்கள், வண்டல் மாட்டும். சீட் நகர்கிற தண்டவாளத்தில் துரு பாருங்கள். ஏர் ஃபிரெஷ்னர் ரெண்டு மூன்று தொங்கினால் மூக்கை இன்னும் கிட்டே கொண்டுபோங்கள். உங்கள் சொந்த வண்டியே தண்ணீரில் நின்றால் சாவியைத் திருகவே வேண்டாம், சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், எஞ்சின் பாதுகாப்புக்கு என்று தனியாகப் பணம் கட்டாத பாலிசியில் அதற்குக் காசு வராது. ஷோரூம்காரன் இன்சூரன்ஸில் அதைச் சேர்த்துக் கொடுத்தபோது "கொள்ளை" என்று நீக்கச் சொன்னவர்கள் 2023இல் என்னிடமே வந்து அழுதார்கள். கமிஷனுக்காகத்தான் சேர்ப்பான், உண்மை. இந்த ஊரில் அது தேவை என்பதும் உண்மை.

8 நவம்பர்

அக்டோபரில் நாடு முழுக்க 5.5 லட்சத்துக்கும் மேல் கார் பதிவாகியிருக்கிறது. இனி ஷோரூமுக்கு நல்ல காலம்தானே என்று கேட்கிறார்கள். சகாவைக் கேட்டேன், சர்வீஸ் மேனேஜர்தான் கவலையாக இருக்கிறாராம். காரணம் மின்சார வண்டி.

18 ஆகஸ்ட் குறிப்பில் எழுதியதை எடுத்துப் பாருங்கள், பிழைப்பு சர்வீஸில் ஓடுகிறது என்றேன். மின்சாரக் காரில் எஞ்சின் ஆயில் கிடையாது, ஆயில் ஃபில்டர் கிடையாது, ஸ்பார்க் பிளக், கிளட்ச், டைமிங் பெல்ட் ஒன்றும் கிடையாது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துக் கொடுப்பதால் பிரேக் பேடுகூடச் சீக்கிரம் தேயாது. ஜாப் கார்டில் எழுத என்ன இருக்கிறது? கூலண்ட், ஏசி ஃபில்டர், டயர் மாற்றிப் போடுவது, வாட்டர் வாஷ். அதே நேரத்தில் சார்ஜர் வைக்க வேண்டும், அதிக வோல்டேஜ் பேட்டரியில் கைவைக்கத் தனியாகப் பயிற்சி கொடுத்த ஆள் வேண்டும். பதினைந்து வருஷம் எஞ்சின் பிரித்த கையை வைத்துக்கொண்டு எங்கள் பழைய ஹெட் மெக்கானிக் அண்ணாச்சி லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தூரத்துக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. மின்சாரக் கார் செய்கிற வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்டின் ஃபாக்டரி ஆகஸ்ட் 4இல் திறந்தது நம் பக்கத்துத் தூத்துக்குடியில். நம் மாநிலத்தில் 2023 நவம்பரிலிருந்து கார் விலை பத்து லட்சத்துக்கு மேல் போனால் 18 சதவீதம், இருபதுக்கு மேல் 20 சதவீதம் சாலை வரி. மின்சார வண்டிக்கு அந்த வரி விலக்கு, ஜிஎஸ்டியும் 5தான். ஆன்ரோடு விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் யோசிப்பான். ஆனாலும் வியட்நாம் கம்பெனியும் இங்கே டீலரை வைத்துத்தான் விற்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்த ஊரில் வண்டி ரோட்டில் நின்றுவிட்டால் போய்ச் சட்டையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கஸ்டமர் கேர் நம்பரின் சட்டையைப் பிடிக்க முடியாது.

29 நவம்பர்

அம்பாசமுத்திரம் தம்பி வண்டி எடுத்துவிட்டார். போனில் பார்த்து, போனில் லோன் போட்டு, போனில் புக் பண்ணி. டெலிவரி, வண்ணார்பேட்டை பைபாஸ்.

நேற்று வண்டி பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார். பில் போடுவதற்கு முன்னால் பார்த்தது நல்லதாகப் போயிற்று. டயரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 1725 என்று இருந்தது, ஏப்ரல் கடைசி. டயர் தேதி வண்டித் தேதி ஆகாது, அதனால் தயாரிப்பு மாதத்தைக் காகிதத்தில் காட்டச் சொன்னேன். மே. ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் யார்டில் வெயில் காய்ந்த வண்டி. பாட்டரியும் சோர்ந்திருந்தது. புது ஸ்டாக் என்று சொல்லியிருந்த சேல்ஸ் பையன் பாவம், முகம் வெளுத்துவிட்டது. அந்த வயதில் நானும் இதே பொய்யை இதே மாதிரி திக்கித் திக்கிச் சொல்லியிருக்கிறேன். மேனேஜரைப் பார்த்துப் பேசினோம். செப்டம்பர் தயாரிப்பு ஒன்று இருந்தது, அதே நிறம். அதை எடுத்துக் கொடுத்தார்கள், சண்டை எதுவும் இல்லை.

ஆக்சஸரீஸ் பில் 18,400 போட்டிருந்தார்கள். தம்பி கேட்கிறார், எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று. மட் ஃபிளாப்பும் ரிவர்ஸ் கேமராவும் இருக்கட்டும், கேமராவுக்கு வயரை வெளியே அறுத்தால் வாரண்டித் தகராறு வரும். சீட் கவரும் மேட்டும் டவுனில் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, பாதி விலை.